மனுவா, கிராம சபையா, மறியலா, வழக்கா? மருத்துவ வசதி கேட்கும் வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு எந்த வழி

வேலூரில் இருந்துகொண்டு மருத்துவ வசதி போதவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வருகிறவர்கள் காட்பாடியில் ரயிலிறங்கி, சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்துப் போகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே இருக்கிறது. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம் அந்த சி.எம்.சி. கே.வி.குப்பத்தில் 1977 முதல் ரூசா கிராமப்புற மருத்துவ மையம் நடக்கிறது. அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இவ்வளவும் இருக்கிற அதே மாவட்டத்தில், அணைக்கட்டு ஒன்றியத்து மலை ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்கிய கதை இல்லாத குடும்பம் குறைவு. 2023 மே மாதம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லாததால் பாதி வழியோடு நின்றுவிட்டது. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சாலைக் கோப்பு வேகம் பிடித்தது.

ஒரு சாவுக்குப் பிறகு கோப்பு நகர்வதை வழி என்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் தாங்களே சேர்ந்து, நிதானமாக, முன்கூட்டியே கேட்க என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. மலையடிவார ஊர்க் குழு ஒன்றோடு உட்கார்ந்து இதைப் பேசி வருகிறேன். அவர்கள் கேட்பது மூன்று: மேலே உள்ள குடிசைகள்வரை ஆம்புலன்ஸ் ஏறும் சாலை, துணை சுகாதார நிலையத்தில் தங்கி வேலை பார்க்கும் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர். வழி என்று வரும்போது குழுவே மூன்றாகப் பிரிந்து நின்றது. பெரியவர்களுக்கு மனு. இளைஞர்களுக்கு மறியல். சென்னையில் வக்கீலுக்குப் படிக்கும் பையன் ஒருவனுக்கு வழக்கு.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் சீக்கிரம் "சரி" கிடைக்கும் என்று பார்ப்பதைவிட, அந்தச் "சரி" கிடைத்த மறுநாள் ஊர்க்காரர் கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிராம சபையும் தகவல் உரிமைச் சட்டமும் முதலில் வருகின்றன. மனு அவற்றுக்குத் துணை. மறியலும் வழக்கும் அப்புறம்.

சாவி யாரிடம்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்வி. கேட்பதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதை விட்டுவிட்டுத்தான் பாதிக் குழுக்கள் வருடக்கணக்கில் சுற்றுகின்றன.

காலியாகக் கிடக்கும் நர்ஸ் இடத்துக்குத் தற்காலிகமாக ஆளை மாற்றி அனுப்புவது மாவட்ட சுகாதார அலுவலர் கையில். நிரந்தர டாக்டர் பணியிடத்தை நிரப்புவது சென்னையில், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்துக் கொடுத்த பிறகு. புதிதாகத் துணை சுகாதார நிலையம் வேண்டுமென்றால் அரசாணை வேண்டும். காப்புக்காட்டு வழியாகச் சாலை என்றால் ஊராட்சியும் ஒன்றியமும் பணம் ஒதுக்கினாலும் வனத்துறை ஒப்புக்கொள்ளாமல் ஒரு கல் விழாது. எம்.எல்.ஏ. நிதியில் கட்டடம் கட்டலாம், ஆனால் அதற்குள் உட்காரும் நர்ஸுக்குச் சம்பளம் தர முடியாது. பெயர்ப் பலகை மின்னும் கட்டடம் பூட்டிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

விதி என்ன சொல்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கும் 20,000 பேருக்கும். இந்தக் கணக்கு மலைக்குச் சலுகை மாதிரித் தெரிகிறது. ஆனால் முப்பது வீடு இங்கே, பதினைந்து வீடு அந்தச் சரிவில் என்று சிதறிக் கிடக்கும் ஊர்களில் 3,000 தலை சேர்வதற்குள் மூன்று மலை தாண்ட வேண்டும். அதனால் தலை எண்ணிக்கையை வைத்துக் கேட்டால் தோற்போம். எந்த வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று நேரத்தை வைத்துக் கேட்க வேண்டும். இந்தக் கணக்கை எந்த அலுவலகமும் நமக்காகப் போட்டு வைத்திருக்காது. ஊர்தான் போட வேண்டும்.

திங்கட்கிழமை மனு

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். இதன் நல்ல பக்கம், யாரும் போகலாம், காசு கிடையாது, மனுவுக்கு எண் கிடைக்கும். கலெக்டர் நேரில் வாங்கிப் பார்த்தால் அந்த இடத்திலேயே துறை அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. உதவித்தொகை, சான்றிதழ், காப்பீட்டு அட்டை போன்ற தனிமனிதர் சங்கதிகளுக்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஊர்ப் பொதுக் கோரிக்கைக்கு இது பலவீனமான கருவி. மனு கீழே இறங்கும் விதத்தைப் பாருங்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு, அங்கிருந்து வட்டார மருத்துவ அலுவலருக்கு, அங்கிருந்து எந்த நர்ஸைப் பற்றிச் சொன்னோமோ அவருக்கே. "நர்ஸ் வருவதில்லை" என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பல நேரம் நடப்பது ஒன்றுதான். இரண்டு மூன்று துணை நிலையங்களைத் தனியாகப் பார்க்கும் ஒரு கிராம சுகாதார செவிலியருக்கு மெமோ போகும். காலியிடம் காலியாகவே இருக்கும். புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவு என்று ஓடிக்கொண்டிருக்கிற பெண்மணி அதற்குப் பிறகு ஊர்க்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஊருக்குப் பக்கபலமாக இருக்க வேண்டியவரை எதிராளியாக்கிக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை. ஆகவே மனுவில் ஆளைப் பற்றி எழுதாமல் பணியிடத்தைப் பற்றி எழுத வேண்டும். "ஒப்பளிக்கப்பட்ட இடங்கள் இத்தனை, நிரப்பப்பட்டவை இத்தனை, மீதியை நிரப்புங்கள்" என்பது போல.

1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் ஏறக்குறைய இதே ரகம். பல்பு எரியவில்லை, குழாய் உடைந்தது என்பதற்கு நல்லது.

கிராம சபை

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் ஓட்டுரிமை உள்ள யாரும் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேரும், அதற்கு மேல் 10,000 வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேரும் வந்தால் சபை செல்லும்.

இங்கே எல்லோரும் சொல்லும் குறை, "தீர்மானம் போட்டால் இன்னா ஆகப்போவுது?" நியாயமான கேள்விதான். கிராம சபையால் ஒரு டாக்டரை நியமிக்க முடியாது. பெரும்பாலும் ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் "மருத்துவ வசதி செய்து தரக் கோரித் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார். அந்த ஒரு வரியால் எந்தப் பயனும் இல்லை. தீர்மானத்தை நாமே எழுதிக்கொண்டு போக வேண்டும். எந்த நிலையம், எந்தப் பணியிடம், எத்தனை மாதமாகக் காலி, அதனால் என்ன நடந்தது, எந்த அலுவலர் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம். சபையில் வாசித்துக் காட்டி, அப்படியே பதிய வைத்து, கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்திருக்கும் அலுவலர் முன்னிலையிலேயே நகல் கேட்க வேண்டும். நூறு கையெழுத்துக்குக் கீழே அரசுப் பதிவேட்டின் பக்க எண்ணோடு நிற்கும் அந்தத் தாள், அடுத்து எந்த வழியில் போனாலும் கூட வரும். திங்கட்கிழமை மனுவோடு இணைக்கலாம். கோர்ட்டில் ஆவணமாகத் தாக்கல் செய்யலாம். தலைவர் மாறினாலும் கலெக்டர் மாறினாலும் பதிவேட்டில் அது இருக்கும்.

மலை ஊர்களுக்குக் கிராம சபை இன்னொரு படி மேலே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-ஐ அணைக்கட்டுப் பக்கம் ஒவ்வொரு குழுவும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும் என்பேன். பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என்று பதின்மூன்று வகை அரசு வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது அது. நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இதற்கு டெல்லிவரை கோப்பு போக வேண்டியதில்லை, மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிக்கலாம். தீர்மானம் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இந்த விஷயத்தில் தீர்மானம் இல்லாமல் எதுவும் ஆகாது.

அளவைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலச் சாலை என்றால் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் அடங்கும் குக்கிராமங்களுக்கு இந்த வழி பொருந்தும். அதைவிட நீளம் என்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் ஒப்புதல், மாற்று நிலம் என்று வேறு கதை. அதனால் சர்வேயரோடு நடந்து, காட்டு எல்லைக்குள் வரும் நீளம் எவ்வளவு என்று முதலில் அளந்துவிட வேண்டும். மொத்தத் தூரம் ஆறு கிலோமீட்டராக இருந்தாலும் காட்டுக்குள் இரண்டுதான் வரலாம். பட்டா நிலமும் ஏற்கெனவே உள்ள வருவாய்த்துறைப் பாதையும் இந்த ஒரு ஹெக்டேரில் சேராது.

வன உரிமை விதிகளின்படி கூடும் கிராம சபைக்குக் கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டியவர் கணக்கு, வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆகஸ்ட் 15 அன்று நூறு நாள் வேலைக்காரப் பெண்களை உட்கார வைத்து எடுக்கும் வழக்கமான கூட்டம் இதற்குப் போதாது. இந்தத் தீர்மானத்துக்கென்றே தனியாகச் சபை கூட்டச் சொல்லிக் கேட்பது நல்லது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நீதிமன்றத் தடையில் பல வருடம் முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் விடுபட்டது. அதனால் கீழ்மட்ட அலுவலர்களுக்கே இது புதிதாக இருக்கலாம். சட்டப் பிரிவின் தமிழ் நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

கிராம சபையின் மெய்யான பலவீனம் வேறு. ஊரின் ஏற்றத்தாழ்வு அப்படியே அங்கே வந்து உட்காரும். கூட்டம் ஊர்ப் பக்கம் நடந்தால் காலனிக்காரர்கள் ஓரமாக நிற்பார்கள். அடிவாரத்தில் நடந்தால் மலைமேல் உள்ளவர்கள் வரவே மாட்டார்கள். கூட்டத்துக்கு வருவதென்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். நியாயமான பங்கு வேண்டும் என்று அரசிடம் கேட்கிற குழு, தன் தீர்மானத்தில் மேல் மலைக்காரர் கோரிக்கையை ஏழாவது பொருளாக வைத்தால் அது பொருந்தாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொலைவில் உள்ள குடிசைக்காரரின் கோரிக்கை முதல் பொருள். அடிவாரத்தாருக்கு வேண்டிய ராத்திரி டாக்டர் இரண்டாவது.

தகவல் உரிமைச் சட்டம்

இது போராட்ட வழியாகத் தெரியாது, ஆனால் மற்ற எல்லா வழிக்கும் கண் இதுதான். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. பதில் வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் டாக்டர் இல்லை?" என்று கேட்கக் கூடாது. "ஏன்" என்பதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. இருக்கிற பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும். ஒப்பளிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட பணியிடப் பட்டியல். கடந்த பன்னிரண்டு மாதங்களில் இரவு நேரத்தில் பார்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை. மாதவாரியாகப் பாம்பு விஷமுறிவு மருந்தின் இருப்பு. வேறு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டோர் எண்ணிக்கை. இந்த நாலும் வந்துவிட்டால் கிராம சபைத் தீர்மானத்தின் பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

கூடவே ஊர்ப் பக்கமிருந்து ஒரு நோட்டு வேண்டும். தேதி, நேரம், 108-க்கு எப்போது போன் போட்டது, வண்டி எங்கே வரை வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குச் சேர்த்தது. நோயாளி பெயரும் நோயும் அதில் வேண்டாம், அது அவரவர் வீட்டு விஷயம். சிக்னல் கிடைக்காமல் போனே போகவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். அரசுப் பதிவேட்டில் பதிவாகாத அழைப்புகள்தான் மலையில் அதிகம். அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படும்போது அதிகாரியின் பேச்சே மாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

அரசாங்கக் குழுக்களுக்குள் போவது

கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஒவ்வொரு ஊரிலும் காகிதத்திலாவது இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. சமீப வருடங்களில் மாவட்ட சுகாதாரப் பேரவைகளும் நடக்கின்றன. ஊர்க் குழு இவற்றில் இடம் கேட்டு உட்காரலாமா, வெளியே நின்று கேட்பதே மேலா?

உள்ளே போவதில் ஆபத்து உண்டு. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்கள், டீ பிஸ்கட்டோடு முடியும். கிராமக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்த நிதி குப்பைத் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடருக்குமே சரியாக இருக்கும். இருந்தாலும் போக வேண்டும் என்பேன். 2007 வாக்கில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முறையைச் சோதித்துப் பார்த்தது. கிராமத்தார் தங்கள் சுகாதார நிலையத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தாங்களே மதிப்பெண் போட்டு, அதை அதிகாரிகள் முன் வைத்துப் பேசினார்கள். அந்த முறையை இன்று எந்த ஊரும் சொந்தமாகச் செய்யலாம், உத்தரவு தேவையில்லை. நர்ஸையும் டாக்டரையும் அழைத்து, அவர்களுக்கு என்ன குறை என்று அதே அட்டையில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. குவார்ட்டர்ஸில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ் இல்லை என்பதும் நர்ஸ் தங்காததற்குக் காரணமாக இருக்கும். அதை ஊராட்சியே சரிசெய்துவிடலாம், கலெக்டர்வரை போக வேண்டாம்.

மறியல்

"எத்தனை முறைதான் மனு குடுக்கிறது மாமா, ரோட்டுல உக்காந்தா ஒரு மணி நேரத்துல தாசில்தார் வர்றார் பாரு" என்றான் ஒரு தம்பி. உண்மைதான், வருவார். மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: "அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்து அனைவரும் கலைந்து சென்றனர்." இந்த வாக்கியம் தினமும் ஏதோ ஒரு ஊரைப் பற்றி அச்சாகிறது. கலைந்து சென்ற பிறகு என்ன ஆனது என்ற செய்தி வருவதில்லை.

மறியலை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. குடிநீரில் சாக்கடை கலந்து வாந்திபேதி பரவும்போது முப்பது நாள் தகவல் உரிமைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளைக்கே நடக்க வேண்டிய காரியம், உள்ளூர் அதிகாரியால் முடிகிற காரியம் என்றால் மறியல் வேலை செய்யும். ஆறு மாதக் கோப்பு வேலைக்கு அது சரிப்படாது. செய்வதானாலும் எழுதி வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு தாள்.

விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலூரைச் சுற்றி ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஆள் அனுப்பும் ஊர்கள் நிறைய. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அப்படிப்பட்ட ஊரில் இருபது வயதுப் பையன் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால், தேர்வில் பாஸானாலும் சரிபார்ப்பில் வந்து நிற்கும். முன்வரிசையில் உட்காரச் சொல்லும் பெரியவர்கள் இதை யோசித்துச் சொல்ல வேண்டும்.

வழக்கு

பொதுநல வழக்கின் பலமும் பலவீனமும் தெரிய வேண்டுமென்றால் நம் பாலாற்றைவிடப் பெரிய பாடம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் கலப்பதுதான் புகார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும், ஆபத்து வரலாம் என்று தெரிந்தால் அறிவியல் நிரூபணம் முழுதாக வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு நிர்ணயிக்க ஒரு தனி ஆணையம். இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் வேலூர் என்ற பெயரை இந்த வழக்கால்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள்.

அப்புறம் என்ன ஆனது? இழப்பீடும் ஆற்றைச் சீர்செய்வதும் பாக்கி நின்று, மறுபடி வழக்காகி, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீட்டைக் கொடுங்கள், மாசு செய்தவர்களிடமிருந்து அரசு அதை வசூலித்துக்கொள்ளட்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தணிக்கை செய்யுங்கள் என்று. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே முப்பத்துமூன்று வருடத்துக்கு மேல். வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும்.

இதைப் பார்த்து வழக்கு வீண் என்று முடிவு கட்டினால் தவறு. எதிர்த் தரப்பில் பணமும் தொழிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையும் இருக்கும்போது, கிராம சபைத் தீர்மானமோ மனுவோ ஓர் ஆலையையும் அசைத்திருக்காது. அந்த இடத்தில் நீதிமன்றம் ஒன்றுதான் இருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. தீர்ப்பு வாங்கிய பிறகும் இருபது முப்பது வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க யாராவது இருந்ததால்தான் 2025 உத்தரவு வந்தது. அந்த மாதிரி ஆள் நம் குழுவில் உண்டா என்பதுதான் வழக்குப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி. வக்கீலுக்குப் படிக்கும் பையனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் சென்னையில் வேலைக்குப் போன பிறகு வாய்தா தேதியை யார் பார்ப்பார்கள்?

சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்டது என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. உயர் நீதிமன்றத்தைவிடச் செலவு குறைவு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீடு கேட்பதானால் ஐந்து வருடம். டாக்டர் இல்லை என்பதற்கு அங்கே வேலை இல்லை.

அதிகம் பேர் எட்டிப் பார்க்காத வாசல் ஒன்றும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஓர் ஏற்பாடு. பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய தகராறுகளை அது விசாரிக்கும். அந்தப் பட்டியலில் குடிநீர், துப்புரவு, மருத்துவமனைச் சேவை மூன்றும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. அதே சட்டப்படி பெண்களுக்கும் பட்டியலினத்தார், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். வடாற்காடு மலையாளிப் பழங்குடியினர் என்று பட்டியலிலேயே பழைய மாவட்டப் பெயரோடு இருப்பவர்களுக்கு இதில் சந்தேகமே வேண்டாம். சாதிச் சான்றிதழை மட்டும் முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்கள் அப்படியே அங்கேயும் விசாரித்துவிட்டு வரலாம்.

எதற்கு எது

அந்தக் குழுவின் மூன்று கோரிக்கைகளுக்கும் ஒரே வழி என்ற யோசனையை விட்டுவிட்டோம். சாலைக்கு வன உரிமைச் சட்டப்படி தனிக் கிராம சபை, அதற்கு முன்னால் சர்வே. காட்டு நீளம் ஒரு ஹெக்டேரைத் தாண்டினால் இந்த வழியை மூடிவிட்டு, சட்டமன்ற உறுப்பினரையும் கலெக்டரையும் வைத்து வனத்துறையிடம் பேசுவது. பேசிக்கொண்டிருக்கும் காலத்துக்கு வண்டி ஏறும் இடம்வரை நோயாளியைக் கொண்டுவர ஜீப் ஏற்பாடு கேட்பது. நர்ஸுக்கு, முதலில் குவார்ட்டர்ஸைச் சரிசெய்யும் வேலை ஊராட்சியில். கூடவே பணியிட விவரத்துக்குத் தகவல் உரிமை மனு. அதில் காலியிடம் என்று வந்தால் மாவட்ட சுகாதார அலுவலரைப் பத்துப் பேர் நேரில் பார்ப்பது.

ராத்திரி டாக்டர் விஷயத்தில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. மறியல்தான் என்கிற பேச்சு அடங்கவில்லை. ராத்திரி டாக்டருக்குப் பதில் முதலுதவிப் பயிற்சியுள்ள நர்ஸும், விஷமுறிவு மருந்தும், அடிவாரத்தில் நிரந்தரமாக நிற்கும் ஒரு 108 வண்டியும் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் எண்ணம். "அப்போ எங்களுக்கு மட்டும் டாக்டர் வேணாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டையும் தீர்மானத்தில் எழுதுவது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது.

நவம்பர் 1 சபைக்கு வரைவு தயாராகிறது. ஏழு நாள் முன்பு ஊராட்சி நோட்டீஸ் ஒட்டும்போது பொருள் பட்டியலில் இது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்துச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அவர் வாங்க மறுத்தால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளலாம்.